சேஷுவின் கேஸ் பேப்பர்

“பவுனு, உங்க ஆஸ்பத்திரில குடிக்காதவங்களுக்கும் குடிகாரன்னு எழுதுவாங்களா?”

கனகவல்லி இப்படிக் கேட்டது புனேவின் போபோடிக் குழாயடியில், ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. மூன்று நாளாக விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் தலையில் சாக்கையும் பிளாஸ்டிக் தாளையும் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் எப்போது வரும் என்று குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பவுன் குடத்துக்குள் கையை விட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடியைத் தேய்த்தாள்.

“எழுத மாட்டாங்கக்கா. டாக்டருங்க பாத்துதான் எழுதுவாங்க.”

“நெஜமா?”

“நெஜமாக்கா.”

பவுன் நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கிற பெண் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் நின்றவள், மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை சொன்னால் அது பொய்யாக இருக்காது என்பது அந்தச் சந்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். கனகவல்லியும் ஒப்புக்கொண்டாள்.

“செரி. அப்ப எங்கூட்டு ஆளுதான் என்ன ஏமாத்திக்கினு கீறாரு” என்றாள். தண்ணீருக்கு நிற்காமல் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, செருப்பு சேற்றை முதுகில் வாரி அடிக்க நடந்து போனாள்.

எழுதியது டாக்டர் இல்லை. பவுன்தான்.

கட்கிப் பக்கத்தில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக் கூடத்தை ஒட்டி, ரெக்கார்டு ரூம் இருந்தது. மழைக்காலம் முழுக்க அதன் சுவரில் பச்சை ஏறும். வீட்டுக்குப் போன நோயாளிகளின் கேஸ் பேப்பர்களும் செத்துப்போனவர்களின் கேஸ் பேப்பர்களும் அங்கே ஒரே கயிற்றில் கட்டப்பட்டு வரும். பவுன் முதலில் கோப்புகளின் முதுகில் நம்பர் எழுதத்தான் சேர்ந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் சீக்கிரமே கோடிங் மேசைக்கு நகர்த்தினார்கள். டாக்டர் எழுதியிருக்கும் நோயின் பெயரைப் படித்து, தடித்த புத்தகத்தில் தேடி, அதற்கு உரிய எண்ணைக் கோப்பின் மேல்தாளில் சிவப்பு மையால் எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை. பேச வேண்டியதே இல்லை. பவுனுக்கு அது சொர்க்கம்.

ஈரலுக்குத் தனியாகப் பத்துப் பக்கம் இருந்தது அந்தப் புத்தகத்தில். ஈரல் ஒன்றுதான், அது கெட்டுப்போகிற வழி எத்தனையோ. குடியால் சுருங்கின ஈரலுக்குக் கே எழுபது புள்ளி மூன்று. காரணம் தெரியாமல் சுருங்கினதற்குக் கே எழுபத்து நாலு புள்ளி ஆறு. ரத்தத்தில் கிருமி இருந்து அது நாள்பட்டுப் போனால் பி பதினெட்டு. ரெக்கார்டு ஆபீசர் நீலா மேடம் பாணேரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். சென்னைக்காரி. மேசைக்கு மேலே இரண்டு விதிகளை அட்டையில் எழுதி ஒட்டியிருந்தாள். டாக்டர் எழுதாதது நடக்காதது. கேள்விக்குறி போட்ட நோய்க்கு எண் கிடையாது. சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டில் கேள்வியை எழுதி டாக்டரின் பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். பவுன் ஆறு வருஷத்தில் ஒருநாளும் தவறாமல் சீட்டுப் போட்டவள்.

சேஷு விஷயத்தில் மட்டும் போடவில்லை.

சேஷு கனகவல்லியின் புருஷன். பேக்டரியில் ஃபிட்டர். பவுன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆரணிப் பக்கத்துக்காரர். புனேவுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் மராட்டியை ஆரணித் தமிழ் ராகத்தில்தான் பேசுவார். கடைக்காரர்கள் அதைக் கேட்பதற்கென்றே அவரை நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார்கள். அந்த வருஷம் மே மாதம், ஒரு சாயங்காலம், தாபோடி ஸ்டேஷன் பக்கம் அவர் எதிரே வந்ததைப் பவுன் பார்த்தாள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“எம்மா பவுனு, ப்ரீதிய ஸ்கூல்ல உட்டுட்டியா?” என்றார். அவர் மகள் ப்ரீதிக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. பேசும்போது வாயிலிருந்து ஒரு இனித்த நாற்றம் வந்தது. பவுன் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நடந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா, “அரே, சேஷுவும் குடிகாரப் பேவ்டா ஆயிட்டானா? இனிமே சந்துல ஒருத்தன் பாக்கியில்ல” என்று சிரித்தாள்.

ஈரல் பழுதுபட்டால் அதன் விஷம் மூளைக்கு ஏறும், நாள் மறக்கும், நடை தள்ளாடும், வாய் இனித்து நாறும் என்று டாக்டர்கள் எழுதிய கேஸ் பேப்பர்களில் பவுன் எத்தனையோ தரம் படித்து எண் போட்டிருக்கிறாள். படித்தது வேறு இடத்தில் இருந்தது, பார்த்தது வேறு இடத்தில் இருந்தது.

ஜூலையில் சேஷு வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவருடைய கேஸ் பேப்பர் பவுன் மேசைக்கு வந்தது. டாக்டர் கேஷவ் எழுதியிருந்தார்: ஈரல் சுருக்கம், வயிற்றில் நீர். அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் குடி என்ற சொல். டாக்டர் கேஷவ் தங்கை கல்யாணத்துக்கு நாசிக் போயிருந்தார். வர மூன்று வாரம் ஆகும். நீலா மேடமோ மாதக் கடைசி லிஸ்ட் எங்கே, லிஸ்ட் எங்கே என்று அரைமணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பவுன் மஞ்சள் சீட்டை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள். எனக்குத் தெரிந்ததைப் போய் நாசிக்கில் இருக்கிறவரிடம் எதற்குக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. ஒரு விஷயம் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் தெரியாது, தனக்குத் தெரியும் என்பதில் ஒரு சின்னக் கர்வமும் இருந்தது. சிவப்பு மையில் எழுதினாள். கே எழுபது புள்ளி மூன்று.

பேக்டரிக்கு நோய்ச் சான்று வேண்டும் என்று கனகவல்லி வந்து நின்றபோது, டைப்பிஸ்ட் பாஸ்கர் வழக்கம்போல எண்ணைப் பார்த்து, புத்தகத்தில் அந்த எண்ணுக்கு நேரே இருந்த பெயரை அப்படியே அடித்தான். டியூட்டி டாக்டர் இருபது தாள்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டார். பேக்டரி கிளார்க் அதை வாங்கி, பத்துப் பேர் காதில் விழ, “தாரூ கா கேஸ் ஹை”, குடி கேஸ் என்று வாசித்தான்.

அதற்கு மறுநாள் காலையில்தான் கனகவல்லி குழாயடியில் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பவுன் முறத்தில் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு எழுந்தது.

“ஒரே ஒரு வார்த்த. குடிச்சேன்னு சொல்லு. அத்தோட நான் ஒண்ணியும் கேக்க மாட்டேன்” என்றாள் கனகவல்லி.

“குடிக்காதத எப்டிடி குடிச்சேன்னு சொல்றது?”

“அப்ப பேப்பரு பொய் சொல்லுதா?”

“பேப்பருக்கு வாயா கீது? எவனோ எழுதிக்கிறான்.”

“எவனோ இல்ல, டாக்டரு. நான் ஒண்ணும் சும்மா பேசல. பவுனக் கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு வாயத் தொறந்து சொல்லிச்சி.”

 சேஷு சிரிப்பது கேட்டது. வயிற்றில் நீர் இருந்ததால் சிரிப்பு பாதியில் மூச்சாக முடிந்தது.

“பவுனு சொல்லிச்சா? அப்ப செரியாத்தான் இருக்கும். எனக்கே தெரியாம குடிச்சிருக்கேன் போல.”

“நக்கலு பண்ணாத. புள்ள தலமேல கைய வை.”

“ப்ரீதி, இங்க வாம்மா. அப்பா மிஷின்ல ஊத்துற ஆயிலு தவுர வேற எதையும் தொட்டதில்லன்னு ஒன் தலமேல சத்தியம் பண்றேன். போதுமா?”

“அதுக்கும் சிரிப்பு. எங்கப்பனும் இப்டித்தான் சாவுற வரிக்கும் சத்தியம் பண்ணான்” என்றாள் கனகவல்லி. அவளுடைய அப்பா சாராயத்தில் போனவர். அந்தக் குடும்பத்தை விட்டுத் தப்பித்து வந்ததாகத்தான் அவள் புனேவையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பவுன் கையில் கீரை அப்படியே இருந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டி, ‘அக்கா, டாக்டரு எழுதல’ என்று சொல்லியிருக்கலாம். எழுந்தாள். கீரைத் தண்டைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். எழுதினது யாராக இருந்தாலென்ன, எழுதினது சரிதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சேஷுவுக்கு உப்பு ஆகாது. கனகவல்லி மெஸ்ஸில் தினம் முன்னூறு சப்பாத்தி உருட்டிவிட்டு மணிக்கட்டு வீங்கி வருவாள். வந்த கையோடு அவருக்குத் தனியாக உப்பில்லாத கஞ்சி வைப்பாள். அது உள்ளே இறங்க வேண்டுமே என்று அரை மூடி எலுமிச்சை பிழிந்து, இரண்டு மிளகைத் தட்டிப் போட்டு, தானே ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுக் கொடுப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கஞ்சி மட்டும் வந்தது. எலுமிச்சை வரவில்லை. இதைப் பவுனிடம் சொன்னவள் பத்து வயசு ப்ரீதி.

“ஆண்ட்டி, உங்க வீட்ல நிம்பு இருக்கா? பப்பா கேட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஹாங்?”

பவுன் கொடுத்தாள். அன்று மட்டுமில்லை. தினமும் வேலையிலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வந்து, சுவரோரம் விளையாடுகிற குழந்தையின் கையில் வைத்து மூடினாள். ஏன் கொடுக்கிறோம் என்று யோசிக்காமலேயே கொடுத்தாள்.

தீபாவளி கழிந்து எட்டாம் நாள் சேஷு ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். கூடியிருந்தவர்கள் கனகவல்லியை அழச் சொன்னார்கள். “கல்லாட்டம் உக்காந்துகினு இருந்தா நெஞ்சு அடச்சிக்கும்டி” என்று பவுனின் அம்மா முதுகைத் தட்டினாள்.

“அந்தாளு குடிச்சி அழிச்சிக்கினான். நான் எதுக்கு அழுவணும்?” என்றாள் கனகவல்லி. அதற்குச் சந்தே தலையை ஆட்டியது. பவுன் வாசலில் நின்று, யாரோ கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆடை படிந்து ஆறிய பிறகும் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் நீலா மேடம் பீரோவுக்குப் பின்னால் கிடந்த கட்டைக் காட்டினாள். “பவுன், இந்த லூஸ் ரிப்போர்ட்ஸ் எல்லாம் இந்த வாரம் கோப்புல சேர்த்தாகணும். எலி வேற குடித்தனம் பண்ணுது.” நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வெளி லேபிலிருந்து சாவகாசமாக வந்து சேர்கிற தாள்கள் அவை. பவுன் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி நம்பர் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு நம்பரைப் பார்த்ததும் கை நின்றது. அது சேஷுவின் நம்பர் என்பதை அவள் கோப்பைத் தேடாமலேயே அறிவாள். ஜூலை மாதம் எடுத்த ரத்தம். ஹெபடைடிஸ் பி. ரியாக்டிவ். ஈரலைக் கெடுக்கிற கிருமி ரத்தத்தில் இருந்தது.

குண்டூசி துருப்பிடித்துத் தாளில் ஒரு காவிப் புள்ளி விழுந்திருந்தது. பவுன் அந்தப் புள்ளியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்ன அது, காட்டு” என்று நீலா வாங்கிப் பார்த்தாள். கோப்பையும் இழுத்து மேல்தாளைப் பார்த்தாள். “கே எழுபதா? டாக்டர் கேள்விக்குறி போட்டிருக்காரே. நீ சீட்டுப் போட்டியா?”

பவுன் அடுத்த தாளை எடுத்துத் தூசி தட்டினாள்.

“பவுன், கேக்கறேன்ல?”

“இல்ல மேடம்.”

“ஏன்?”

“நான் பாத்தேன் மேடம். அவரு ஆடிக்கினு வந்தத.”

“நீ பாத்தது இந்த கேஸ் பேப்பர்ல எங்க இருக்கு?” என்று கேட்ட நீலா, பவுனின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். “சரி, விடு. லிஸ்ட் லிஸ்ட்னு உயிரை எடுத்தவளும் நான்தானே. வீட்ல யார் யார் இருக்காங்க?”

“அக்காவும் ஒரு பொண்ணும். பத்து வயசு.”

நீலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் எண்களைப் பார்த்து இரண்டு லிஸ்ட் எடுப்பதே பவுன்தான். பி பதினெட்டு லிஸ்ட் சுஷ்மா சிஸ்டருக்குப் போகும். சிஸ்டர் அந்த வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு ரத்தம் பார்த்து, கிருமி தொற்றாதவர்களுக்குத் தடுப்பூசி போடுவாள். கே எழுபது லிஸ்ட் குடியை விடச் சொல்லிப் புத்தி சொல்கிறவருக்குப் போகும். சேஷுவைத் தேடி வந்தது புத்தி சொல்கிறவர்தான். அவர் வந்துபோனதைப் பார்த்துச் சந்து முழுக்கச் சிரித்தது.

“கோப்பைத் திருத்திடலாம். பழைய எண் மேல ஒரே கோடு, பக்கத்துல புது எண், கையெழுத்து, தேதி” என்றாள் நீலா. “அவங்களுக்கு சிஸ்டர் கார்டு போடுவாங்க.”

“கார்டு வேணாம் மேடம். பக்கத்து வூடு. நானே கூட்டிக்கினு வரேன்.”

“கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு. ரிப்போர்ட் லேட்டா வந்துச்சுன்னு மட்டும் சொல்லு. அது பொய்யும் இல்ல. மத்ததைச் சொல்லி அந்தம்மாவுக்கு என்ன ஆகப்போகுது?”

அந்த வார்த்தை பவுனுக்கு வெயிலில் கிடைத்த நிழல் மாதிரி இருந்தது. நாலு நாள் அதன் அடியிலேயே இருந்தாள். ஐந்தாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கனகவல்லி வேலை செய்கிற மெஸ்ஸுக்குப் போனாள். நாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். கனகவல்லி தோசைக்கல் முன்னால் இருந்தாள். சப்பாத்தியைக் கையாலேயே திருப்பினாள்.

“இன்னாடி இது, ஆஸ்பத்திரி நடந்து வருது?”

“அக்கா, ஒனக்கும் ப்ரீதிக்கும் ரத்தம் பாக்கணுமாம்.”

“எனக்கு இன்னா கேடு? ஒரு நாளைக்கி முன்னூறு தட்டறேன், எவளாவது தட்டட்டும் பாக்கலாம்.”

“லிவர் கம்ப்ளெயிண்டு இருந்த வூட்டுல எல்லாருக்கும் பாக்கறாங்கக்கா.”

“குடிச்சவன் அவன். சுயி குத்தறது எங்களுக்கா?” மாவு உருட்டிய பெண்கள் சிரித்தார்கள். கனகவல்லியும் சிரித்தாள்.

“ப்ரீதிக்கோசரம் வாக்கா” என்றாள் பவுன். குரல் உடைந்துவிட்டது. கனகவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லில் ஒரு சப்பாத்தி கருகியது.

“இந்தப் பொண்ணு இவ்ளோ பேசி நான் கேட்டதேயில்ல. செரி, புதங்கெழம வேலைக்கி சுட்டி கேக்கறேன்.”

புதன்கிழமை ரத்தம் எடுத்தார்கள். அடுத்த புதன்கிழமை டாக்டர் கேஷவ் இருவரையும் உள்ளே கூப்பிட்டு இந்தியில் சொன்னார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கே முதல் தடுப்பூசி போட்டுவிடலாம். அம்மாவுக்குக் கிருமி இருக்கிறது. ஈரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்து காட்டவேண்டும். புருஷனுக்கு இருந்ததும் இதேதான். எப்படி வந்தது என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஊசி போட்டு முடிந்து மூன்று பேரும் வராண்டாவுக்கு வந்தார்கள். ஜனவரி வெயில் பெஞ்சின் ஒரு பாதியில் மட்டும் விழுந்திருந்தது. ப்ரீதி, “முஜே வலிக்கவே இல்ல, ஆண்ட்டி” என்று கையைக் காட்டிவிட்டு, வராண்டாக் கோடியில் இருந்த எடை மெஷின் மேல் ஏறி இறங்கி விளையாடப் போனாள். கனகவல்லி வெயிலில் உட்கார்ந்தாள். பவுன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இந்தி செரியா வெளங்கலியா? அவுருக்கும் இதே பூச்சிதான்னாரா டாக்டரு?”

“ஆமாக்கா.”

“அப்ப தாரு, குடின்னதெல்லாம்?”

“அவரு குடிக்கலக்கா. ரிப்போர்ட்டு இருக்கு. ஜூலைல எடுத்த ரத்தம்.”

கனகவல்லி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். தோசைக்கல் சுட்டு மரத்துப்போன விரல்கள்.

“கடேசி ரெண்டு மாசம் அந்தாளு கிட்ட நான் மூஞ்சி குடுத்துப் பேசல” என்றாள். “தண்ணி கேட்டா டம்ளர டக்குனு வெப்பேன். சத்தம் கேக்கட்டும்னு வெப்பேன். அப்பவும் ஒரு நாளு சொல்றாரு, கனகு, ஒன் டம்ளரு சத்தத்துல என் போத தெளிஞ்சி போச்சுடின்றாரு.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. செத்த வீட்டில் அழாதவள் இப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வராண்டாவில் போன ஒரு ஆயா நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். “ஜூலைல எடுத்தத ஏன் அப்பவே சொல்லல?”

“ரிப்போர்ட்டு லேட்டா வந்துச்சுக்கா” என்றாள் பவுன்.

கனகவல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பேப்பரு லேட்டா வந்தா டாக்டரு இன்னா பண்ணுவாரு? என் தலையெழுத்து.” பிறகு பவுனைத் திரும்பிப் பார்த்தாள். பவுனின் கன்னமும் நனைந்திருந்தது. “நீ ஏன்டி அழுவற? நீ இல்லாங்காட்டி இதுகூடத் தெரிஞ்சிருக்காது. எம் பொண்ண காப்பாத்திக் குடுத்தே. எனக்குக் கூடப் பொறந்தது ஒண்ணும் இந்த ஊர்ல இல்ல. நீதான்.” பவுனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சூடான கைகள்.

அதைத்தான் பவுனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நீலா மேடம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டிருப்பாள்.

“அக்கா, டாக்டரு குடின்னு எழுதல.”

“இன்னா?”

“அவரு கேள்விக்குறி போட்டிருந்தாரு. தெரியலன்னு அர்த்தம். அவரக் கேட்டுட்டுத்தான் எழுதணும். நான் கேக்கல. மே மாசம் ஸ்டேஷன்கிட்ட மாமா ஆடிக்கினு வந்தத பாத்தேன். குடிச்சிருக்காருன்னு நெனச்சி நானே எழுதிட்டேன். பேக்டரி பேப்பர்ல வந்தது நான் எழுதுனது. நீ எங்கிட்ட கேட்டப்ப, டாக்டரு எழுதுனாருன்னு சொன்னேன். நான்தான்னு தெரிஞ்சிக்கினே சொன்னேன். நான் டாக்டரக் கேட்டிருந்தா இந்த ரத்தத்த அப்பவே பாத்திருப்பாங்க. மாமா இருக்கும்போதே.”

பவுன் தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சப் பேச்சு அது. பேசி முடித்ததும் மூச்சு இரைத்தது.

கனகவல்லியின் கைகள் முதலில் அசையவில்லை. பவுனின் கையைப் பொத்தியபடியே இருந்தன. பிறகு மேலே இருந்த கை எடுபட்டது. கீழே இருந்த கை மெதுவாக நழுவியது. பவுனின் கை மட்டும் அவள் மடியில் கிடந்தது. அதைக் கனகவல்லி, மாவுப் பலகையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வைப்பதுபோலத் தூக்கி, பெஞ்சின் நிழல் பட்ட பக்கத்தில் வைத்தாள்.

எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். வராண்டாக் கோடிக்குப் போய், எடை மெஷின் மேல் நின்ற குழந்தையை இறக்கினாள். ப்ரீதி, “ஆண்ட்டி வரலியா?” என்றாள்.  குழந்தை தடுப்பூசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது. கனகவல்லி திரும்பவில்லை. கேட்டைத் தாண்டி, ரோட்டில் வந்த டெம்போவுக்கு ஒதுங்கி நின்று, அது போனதும் குழந்தையை இழுத்துக்கொண்டு போபோடிப் பக்கமாக நடந்தாள்.